மைத்துனர் வாயை அடைத்த சங்கு

மாண்ட்ரோஸ் தீவு, ஃப்ளோரிடா
ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு

என் மனைவி வெர்னாவின் மூத்த சகோதரரும், ஒஹையோ மாநிலம் ஃபின்ட்லே நகரில் பனி அள்ளும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதில் நிகரற்றவரும், அடுத்தவர் எதிர்காலத்துக்கு ஆரூடம் சொல்வதில் அதைவிட நிகரற்றவருமான மைத்துனர் டெல்பர்ட் க்ரூகர் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் ஆர்வில் ஹாஃப்னர் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் வெர்னாவும் சுகம். அங்கே தாங்களும் நோர்மா அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்று காலை டிவியில் உங்கள் ஊர்ப் பனியைக் காட்டினார்கள். ஜன்னல் மட்டத்துக்கு இருந்தது. அதைப் பார்த்து நான் மிகவும் வருத்தப்பட்டதாக எழுதச் சொல்லி வெர்னா பக்கத்தில் நிற்கிறாள். வருத்தப்பட்டேன்.

நிற்க. போன நவம்பரில் தங்கள் வீட்டு நன்றி நாள் விருந்தில், வான்கோழியை அறுத்துக்கொண்டே தாங்கள் சொன்னது தங்களுக்கு மறந்திருக்கலாம், சொன்னவர்களுக்கு மறப்பது சுலபம். "மாப்ளே எதைத்தான் உருப்படியா முடிச்சிருக்கார்? தேனீ வளர்த்தார், அது என் வீட்டுப் புகைபோக்கியில வந்து குடியேறிச்சு. அக்கார்டியன் வாங்கி வாசிச்சார், நாய் வீட்டை விட்டுப் போச்சு. இப்ப கிளிஞ்சல் பொறுக்கப் போறாராம். ஈஸ்டருக்குள்ள பாருங்க, என் கடைக் கவுன்டர்ல வந்து உக்காந்திருப்பார்" என்றீர்கள். மேஜையைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்தாள். எனக்கு உச்சந்தலை வரை சூடேறி, தீவு வீட்டை வாங்கும்போது வந்த விளம்பரத் தாளில் படித்தது ஒன்று ஞாபகம் வந்து, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். இந்தத் தீவுக் கரையில் ஜூனோனியா கண்டெடுத்தவரின் படத்தை உள்ளூர் வாரப் பத்திரிகையில் போடுவார்கள், ஈஸ்டருக்குள் என் படம் அதில் வரும், வராவிட்டால் வீட்டை விற்றுவிட்டு வந்து உங்கள் மாடியில் குடியிருந்து உங்கள் கவுன்டரில் உட்காருகிறேன் என்றேன். தாங்கள் உடனே கத்தியை வைத்துவிட்டுக் கையை நீட்டினீர்கள். என்னிடம் இல்லை, வெர்னாவிடம். அவளும் கைகுலுக்கினாள். அண்ணன் தங்கை இருவரும் சேர்ந்து என்னை ஏலம் போட்டது போல் இருந்தது. உண்மையைச் சொன்னால், ஜூனோனியா என்பது சங்கா, பூச்செடியா, யாராவது பெண்மணியா என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

தீவுக்குத் திரும்பி வந்து விசாரித்த பிறகுதான் தெரிந்தது. அது ஒரு சங்கு. பாலேட்டு நிறம், அதன்மேல் வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளி, ஆள்காட்டி விரல் நீளம். ஆழ்கடலில் வாழ்கிறது. புயலும் காற்றும் சேர்ந்து எப்போதாவது ஒன்றைப் போனால் போகட்டும் என்று முழுசாகக் கரையில் போடும். இங்கேயே பிறந்து, இங்கேயே கிழவராகி, இங்கேயே கல்லறைக்குப் போனவர்களில் பாதிப் பேர் அதைக் கடையில்தான் பார்த்திருக்கிறார்கள். தபால் அலுவலகத்தில் ஒருவரிடம் ஈஸ்டருக்குள் எனக்கு ஒன்று வேண்டும் என்று சொன்னேன். அவர் எந்த ஈஸ்டர் என்று கேட்டார்.

ஆனாலும் இறங்கிவிட்டேன். முதல் நாள் காலையில், ஃபின்ட்லேயிலிருந்து கொண்டு வந்த பெயின்ட் வாளியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். இங்கே பழகினவர்கள் கையடக்கமான வலைப் பையோடு வருவார்கள், அதுவும் பெரும்பாலும் காலியாகவே வீடு திரும்பும். புதிதாக வந்தவன் மட்டும்தான் வாளியோடு வருவான், கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளுவான். நான் அள்ளினேன். உடைந்தது, ஓட்டை விழுந்தது, ஒரு பீங்கான் கோப்பையின் கைப்பிடி, எல்லாவற்றையும் அள்ளி வாளி நிறைந்ததும் நிமிர முயன்றால் முதுகு பிடித்துக்கொண்டது. பாதி குனிந்தவன் குனிந்தபடியே நின்றுவிட்டேன். வேறு வழியில்லாமல் அதே கோலத்தில் வீடு நோக்கி நடந்தேன். இதில் ஒரு வேடிக்கை, இந்தத் தீவில் காலமெல்லாம் குனிந்து பொறுக்கியவர்களுக்கு அப்படியொரு கூன் விழுந்திருக்கும், அதற்கு இங்கே தனி மரியாதை. எதிரே வந்தவர்கள் எல்லாரும் தொப்பியைத் தொட்டு வணங்கி வழிவிட்டார்கள். ஒரு இளம் தம்பதி என்னோடு நின்று படம்கூட எடுத்துக்கொண்டார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் நான் இன்றைக்குத்தான் ஆரம்பித்தேன் என்று சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் வெர்னா என் முதுகில் தைலத்தைத் தேய்த்து, வாளியிலிருந்ததைத் தோட்டத்தில் கொட்டி, கைப்பிடியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். அவளுடைய கோப்பை ஒன்றுக்கு அது பொருந்தும்போல் இருந்ததாம்.

அடுத்தது பான்கேக் விவகாரம். இதைத் தங்களுக்கு வெர்னா போனில் சொல்லியிருப்பாள், ஆனால் அவள் சொன்ன விதத்தில் என் பக்கத்து நியாயம் இருந்திருக்காது. உயிருள்ள சங்கை எடுக்கக் கூடாது என்பது இங்கே சட்டம், காலி ஓடு மட்டும்தான் எடுக்கலாம். அது எனக்கும் தெரியும். முதுகு நிமிர்ந்து மறுபடி போனபோது நான் ஒவ்வொன்றையும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். ஆனால் அடுத்தவன் சங்கில் குடியேறும் நண்டு ஒன்று உண்டு. நான் எட்டிப் பார்த்ததை அது பார்த்துவிட்டு இன்னும் உள்ளே தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கிறது. என் வாளியிலேயே அழகான சங்கு அதுதான். அந்த ஞாயிறு எங்கள் தேவாலயத்தில் பான்கேக் விருந்து. வெர்னா பாடகர் குழுவில் சேர்ந்த புதிது, நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று என் சங்குகளைக் கொண்டுபோய் நீளமான மேஜையின் நடுவே பூ ஜாடியைச் சுற்றி அலங்காரமாக அடுக்கினாள். போதகர் ஜெபத்தைத் தொடங்கினார், எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் பான்கேக் ஆறிவிடுமே என்று ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். சங்கு ஒன்று வெண்ணெய்த் தட்டைக் கடந்து, தேன்பாகுக் குப்பியைச் சுற்றிக்கொண்டு, நிதானமாக நடந்து போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் என்னைப் போல மனமுருகி ஜெபித்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. போதகர் வேண்டுமென்றே நீட்டுவது போல உலகத்தில் உள்ள நோயாளிகள் அத்தனை பேருக்கும் வேண்டிக்கொண்டார். ஒரு வழியாக ஆமென் சொல்லி எல்லாரும் கண்ணைத் திறந்தபோது, அந்தச் சங்கு என் எதிரில் இருந்தவரின் தட்டில் ஏறிவிட்டது. எதிரில் இருந்தவர் கடற்கரைக் காவல் அதிகாரி டுவேன்.

அவர் கோபப்படவில்லை. முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சார், உங்க அலங்காரம் என் பான்கேக்கைத் தின்னுது" என்றார், அவ்வளவுதான். அபராதம் போடாமல் விட்டார், ஆனால் அந்த நண்டை உடனே கொண்டுபோய்க் கடலில் விட வேண்டும், தன் கண் முன்னால் விட வேண்டும் என்றார். அதைப் பார்க்க அவரோடு பத்துப் பேர் கிளம்பினார்கள், பத்துப் பேரைப் பார்த்து மொத்த மண்டபமும் கிளம்பியது. நான் முன்னால் ஒரு தட்டில் நண்டை ஏந்திக்கொண்டு நடக்க, பின்னால் போதகரும் பாடகர் குழுவும் பாட்டுப் பாடிக்கொண்டு வர, ஏதோ சவ அடக்கம் என்று நினைத்து எதிரே வந்த கார்களெல்லாம் ஓரம் கட்டி நின்றன. அன்றிலிருந்து தீவில் என் பெயர் பான்கேக்காரர். வெர்னா ஒரு வாரம் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். உப்பு வேண்டும் என்றால்கூட உப்பைப் பார்த்துத்தான் கேட்டாள்.

அந்த ஊர்வலத்தில்தான் வினிஃப்ரெட் டால் அம்மாவைப் பார்த்தேன். எண்பது வயது, ஒல்லியான உடம்பு, மஞ்சள் நிறத்தில் ஒரு கோல்ஃப் வண்டி வைத்திருக்கிறார். தீவில் எல்லாருக்கும் வின்னி. சங்கு விஷயத்தில் அந்த அம்மாவுக்கு இங்கே யாரும் ஈடில்லை. வீட்டில் சுவர் நிறையக் கண்ணாடி அலமாரி, அத்தனையும் தானே பொறுக்கியது. நட்ட நடுவில் ஒரு தட்டு மட்டும் வெல்வெட் துணி விரித்துக் காலியாக இருக்கும். அது ஜூனோனியாவுக்கு. கணவர் இருந்த காலத்தில் விரித்த துணி, இன்னும் காலிதான். தூசி மட்டும் தட்டி வைக்கிறார். அதைப் பார்த்த அன்று எனக்கு நெஞ்சில் ஏதோ செய்தது, அதே சமயம் இந்த அம்மாவுக்கே கிடைக்காதது எனக்கு எங்கே கிடைக்கப் போகிறது என்று பயமும் பிடித்துக்கொண்டது. எங்கே தேடுகிறீர்கள் அம்மா என்று வாய்விட்டுக் கேட்டும்விட்டேன். இங்கே அது கேட்கக் கூடாத கேள்வி. ஒருவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம், எத்தனை முறை கல்யாணம் ஆயிற்று என்றும் கேட்கலாம், எங்கே பொறுக்கினீர்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரி கையை வீசி மொத்தக் கடலையும் காட்டுவார்கள். அந்த அம்மாவும் காட்டினார். "அதோ, அங்கதான் தம்பி."

என்ன செய்வது சொல்லுங்கள். பின்தொடர்ந்தேன். அந்த அம்மா பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு முன்வாசல் வழியே உள்ளே போவார், பின்வாசல் வழியே வெளியே வருவார், தபால் அலுவலகத்தைச் சுற்றிக்கொண்டு புதருக்குள் நுழைந்து மறைந்துவிடுவார். இந்த வயதில், இந்த முதுகை வைத்துக்கொண்டு, முள் குத்தக் குத்த நானும் புதருக்குப் புதர் ஒளிந்து போனேன். ஒரு நாள் போதகரின் மனைவி பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். அவசரம் என்றேன். அது பான்கேக்கைவிட மோசமாகப் பரவியது.

அதற்குள் ஈஸ்டர் நெருங்கிவிட்டது. வெர்னா கடையிலிருந்து அட்டைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து கூடத்தில் அடுக்கத் தொடங்கினாள். நான் பேச்சு கொடுத்தால் வாக்கு வாக்குதான் என்பாள், அவள் உங்கள் தங்கை அல்லவா. ஆனால் மைத்துனரே, இங்கே வந்த பிறகு அவளுக்கு முழங்கால் வலி இல்லை. காலையில் மாடிப்படி இறங்கும்போது பாடிக்கொண்டே இறங்குகிறாள். ஃபின்ட்லேயில் அவள் படி இறங்கும்போது வேறு வார்த்தைகள்தான் கேட்கும். அன்று சமையலறைப் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தவளின் கண் சிவந்திருந்தது. பார்த்ததும் எனக்கு உங்கள்மேல் கோபம் வரவில்லை, என்மேல்தான் வந்தது. வாய்ச்சவடால் அடித்தது நான், பெட்டி கட்டுவது அவள். அக்கார்டியனை விட்டபோது எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது.

இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டிய இடம், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்கு முன் வடமேற்குக் காற்று விடாமல் அடித்தது. அது ஓய்ந்த மறுநாள் பொழுது புலரும் வேளையில் கடல் வெகுதூரம் உள்வாங்கி, தீவின் முனையில் மணல்திட்டு வெளியே தெரிந்தது. வின்னி அம்மா முன்னால் போகிறார், நான் பின்னால் கடல்திராட்சைப் புதருக்குள் பதுங்கி உட்கார்ந்திருக்கிறேன். அவர் திட்டு முழுக்கக் கண்ணால் சலித்துவிட்டு அந்தப் பக்கமாக நகர்ந்தார். சரி, அந்த அம்மா விட்டுவிட்டுப் போன இடத்தில் எனக்கென்ன மிச்சம் இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டே இறங்கி நடந்தேன். அவருடைய காலடித் தடத்துக்குப் பக்கத்தில், மணலுக்குள் பாதி புதைந்து, பழுப்புப் புள்ளி நாலைந்து தெரிந்தது. தோண்டினேன். முழுசு. ஒரு கீறல் இல்லை, ஓரம் உடையவில்லை. அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று மூன்று தடவை பார்த்தேன், தட்டிக்கூடப் பார்த்தேன். காலி. ஜூனோனியா எடுத்தவர் கூச்சல் போட வேண்டும், கரையில் இருக்கிறவர்கள் ஓடி வந்து கைதட்ட வேண்டும், அதுதான் இந்தத் தீவு வழக்கம். எனக்கும் கூச்சல் தொண்டை வரை வந்தது. ஆனால் போட்டால் வின்னி அம்மா திரும்பிப் பார்ப்பார், இவன் எப்படி இங்கே வந்தான் என்று கேட்பார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, சட்டைக்குள் சங்கைப் போட்டுக்கொண்டு, புதர் வழியே ஓடி வந்துவிட்டேன்.

வீட்டில் வெர்னா இல்லை, பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். பத்திரிகையில் படம் வரப்போகிற சங்கு, அழுக்காக இருக்கலாமா? பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, பழைய பல்துலக்கியால் சந்து பொந்தெல்லாம் தேய்த்து, வெந்நீரில் அலசி, துடைத்து, எண்ணெய் பூசி மெருகேற்றினேன். கல்யாண மாப்பிள்ளை காலணி மாதிரி பளபளத்தது. வெர்னாவின் நல்ல துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். அங்கே ஆசிரியர், நிருபர், படம் பிடிப்பவர் எல்லாமே ஒரே அம்மாள்தான், கான்ஸ்டன்ஸ் பீல் என்று பெயர். சங்கை வாங்கினார், திருப்பினார், முகர்ந்தார், உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினார். ஒரு மணல்கூட விழவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் ஹாஃப்னர், இது கடைச் சங்கு" என்றார்.

கரையில் எடுத்தேன் என்று சத்தியம் செய்தேன். ஜூனோனியா எடுத்தவர்கள் யாரும் அதைக் கழுவ மாட்டார்களாம், மணலும் தண்ணீரும் ஒழுக ஒழுக, சிலர் ஒற்றைச் செருப்போடுகூட ஆபீசுக்கு ஓடி வருவார்களாம். மீன்பிடிப் படகுகளின் வலையில் சிக்குவதைக் கடைக்காரர்கள் இப்படித்தான் கழுவி எண்ணெய் போட்டு விற்கிறார்களாம். இந்தத் தீவில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட இது தெரியுமாம். எனக்குத் தெரியாதே. சரி, யார் பார்த்தார்கள், எங்கே எடுத்தீர்கள், இடத்தைச் சொல்லுங்கள், பத்திரிகையில் போட்டுவிடுகிறேன் என்றார். வாயைத் திறந்தேன். வெல்வெட் துணி விரித்த அந்தக் காலித் தட்டு கண்முன் வந்தது. அந்த மணல்திட்டு எனக்குச் சொந்தமில்லை, நான் திருட்டுத்தனமாகப் பார்த்தது. பத்திரிகையில் வந்தால் மறுநாளே நூறு பேர் வாளியோடு நிற்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். மொத்தக் கடலையும் கையை வீசிக் காட்டினேன். அந்த அம்மாள் சங்கைத் துண்டில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் தீவு முழுக்கப் பரவிவிட்டது, பான்கேக்காரர் கடையில் சங்கு வாங்கிக்கொண்டு போய்ப் படம் போடச் சொன்னாராம். வெர்னா மளிகைக் கடை வரிசையில் நின்றபோதே கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"அப்ப சரி" என்றாள். வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. எழுந்து போய் எனக்கு முட்டை பொரித்தாள். மைத்துனரே, எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் எவ்வளவோ நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம், எதுவும் இதற்கு இணையில்லை. ஆனால் முட்டையைப் பொரித்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் போய்ப் பெட்டியில்தான் கை வைத்தாள். என்னை நம்பியது வேறு, உங்களுக்குக் கொடுத்த வாக்கு வேறு.

முட்டையை முழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தபோது வாசலில் மஞ்சள் வண்டியின் ஹாரன். வின்னி அம்மா. வண்டியை விட்டு இறங்கவில்லை. "சங்கை எடுத்துட்டு ஏறு தம்பி, பொண்டாட்டியையும் ஏறச் சொல்லு" என்றார். ஏறினோம். அந்த அம்மா ஓட்டிய வேகத்துக்கு வெர்னா வழியெல்லாம் ஜெபம் செய்துகொண்டே வந்தாள். பத்திரிகை ஆபீசுக்குள் போனதும் வின்னி அம்மா நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"கான்ஸ்டன்ஸ், இவன் எடுத்ததை நான் பார்த்தேன். ஒரு மாசமா புதருக்குள்ள ஒளிஞ்சு என் பின்னாலயே வர்றான், எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. மாடு மாதிரி சத்தம் போட்டுட்டு ஒளிஞ்சா எனக்குக் கேக்காதா? இன்னிக்கு அந்தச் சங்கு என் காலுக்குப் பக்கத்துல இருந்திருக்கு. நான் தாண்டிப் போயிட்டேன். இவன் குனிஞ்சு எடுத்தான். கூச்சல் போடுவான், வந்து கை தட்டலாம்னு நின்னேன். போடாம ஓடிட்டான், முட்டாள்."

எங்கே என்று கான்ஸ்டன்ஸ் கேட்டார். வின்னி அம்மா கையை வீசினார். மொத்தக் கடல். கான்ஸ்டன்ஸ் கேமராவை எடுத்தார். இத்தனை காலமாகத் தேடுகிற ஒருத்தி அதைத் தாண்டிப் போனேன் என்று ஒருநாளும் பொய் சொல்ல மாட்டாள் என்று பிறகு வெர்னாவிடம் சொன்னாராம். நீங்களும் என்னோடு நில்லுங்கள் அம்மா, சங்கை நீங்கள் பிடியுங்கள் என்று நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என் கையில குடுக்காதே தம்பி. அப்புறம் திருப்பித் தர மாட்டேன்." படத்தைப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். நான் கேமராவைப் பார்த்துப் பல்லிளிக்கிறேன், அந்த அம்மா சங்கையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வார வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. முதல் பக்கம், மைத்துனரே, முதல் பக்கம். மேயர் பாலம் திறந்ததைக் கீழே போட்டுவிட்டு என்னை மேலே போட்டிருந்தார்கள். தபால் அலுவலகத்தில் கைதட்டினார்கள். டுவேன் அதிகாரி வண்டியை நிறுத்தி, உள்ளே காலிதானே என்று கேட்டுவிட்டுக் கைகுலுக்கினார். தேவாலயத்தில் போதகர் என் பெயரைச் சொல்லி நன்றி ஜெபம் செய்தார், இந்த முறை இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் வெர்னா பெட்டிகளையெல்லாம் பிரித்துத் தட்டையாக மடித்து வாசலில் வைத்திருந்தாள். பாத்திரமெல்லாம் பழையபடி அலமாரியில். "ஏங்க, நாம எங்கயும் போகல" என்றாள். நான் அழுதேன். எழுதுவதில் வெட்கமில்லை, நன்றாகவே அழுதேன், அவளும் அழுதாள்.

ஆகவே மச்சான், இனிமேல் மச்சான் என்றே அழைக்கிறேன், ஜெயித்தவனுக்கு அந்த உரிமை உண்டு. இந்த ஈஸ்டருக்குத் தாங்கள் பன்றித் தொடையை அறுப்பதற்கு முன், இத்துடன் வைத்துள்ள பத்திரிகைத் துண்டைக் குடும்பத்தார் அத்தனை பேர் முன்னிலையிலும் உரக்கப் படிக்க வேண்டும். இருமக் கூடாது. கடைக் கவுன்டருக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இங்கே வெயிலில் செருப்புப் போட்டுக்கொண்டு திரிகிறேன், தாங்கள் அங்கே இரண்டு காலுறைக்கு மேல் மூன்றாவதைப் போட்டுக்கொண்டு பனி அள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரிடமாவது சொல்லாவிட்டால் என் வயிறு வெடித்துவிடும். இங்கே மூச்சு விட முடியாது, தாங்களோ ஆயிரம் மைலுக்கு அப்பால் பனியில் புதைந்திருக்கிறீர்கள், தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? தீவின் வடக்கு முனை. உடைந்த பழைய படகுத்துறையைத் தாண்டி, கடல்திராட்சைப் புதருக்குள் ஒற்றையடிப் பாதை இருக்கிறது, அதன் முடிவில் மணல்திட்டு. வடமேற்குக் காற்று அடித்து ஓய்ந்த மறுநாள், பௌர்ணமியை ஒட்டி, பொழுது விடியும்போது போக வேண்டும். வேறு யாருக்கும் தெரியாது. வின்னி அம்மாவுக்கும் எனக்கும் இப்போது தங்களுக்கும் மட்டும்தான் தெரியும். இன்று காலையில்கூட நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம், இப்போது ஒளிய வேண்டியதில்லை. அடுத்தது கிடைத்தால் அது அந்த வெல்வெட் துணிக்குத்தான், நான் முதலில் பார்த்தாலும் தாண்டிப் போய்விடுவேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

நோர்மா அக்காவுக்கு என் அன்பு. தங்கள் இடுப்பு வலிக்குத் தைலம் தனியே அனுப்புகிறேன். தாங்கள் நீண்ட ஆயுளோடும், நிறைந்த வியாபாரத்தோடும், முடிந்தவரை தூரத்திலும் வாழ ஆண்டவரை வேண்டும்,

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
ஆர்வில்

(அண்ணா, இவர் எழுதினதைப் பெரிசா எடுத்துக்காதே. சங்கு உண்மைதான். அண்ணிக்கு முத்தம். வெர்னா.)

பின்குறிப்பு: உறையை நாக்கால் நனைத்து ஒட்டப் போகும் நேரத்தில் நோர்மா அக்கா போன் செய்தார்கள். எனக்குத் தெரியாமல் வெர்னா அந்தப் பத்திரிகையை வந்த மறுநாளே தங்களுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறாள். தாங்கள் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்து, கடையை மகன் பேரில் எழுதிவிட்டு, எங்கள் கட்டடத்திலேயே கீழ் வீட்டை வாங்கிவிட்டதாகவும், ஈஸ்டர் முடிந்ததும் நிரந்தரமாக இங்கேயே வரப்போவதாகவும், "மாப்ளேவாலயே முடியுதுன்னா எனக்கு ஒரு வாரம் போதும்" என்று சொன்னதாகவும் அக்கா சொன்னார்கள். வெர்னா சந்தோஷத்தில் ஆடிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றால், தான் எழுதினதை மறுபடி எழுத மாட்டாளாம், அப்படியே போக வேண்டுமாம். ஆகவே மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களே, மேலே எழுதியதில் சில சிறு பிழைகள் நேர்ந்துவிட்டன. வடக்கு முனையில் படகுத்துறை எதுவும் இல்லை. காற்று தென்கிழக்கு. பாதையில் பாம்பு உண்டு. மணல்திட்டு என்று நான் குறிப்பிட்டது வெறும் சேறு, அங்கே சங்கும் கிடையாது, சோழியும் கிடையாது. நானும் வின்னி அம்மாவும் தினமும் விடியற்காலையில் அங்கே போவது காற்று வாங்க.